குரல் மேடையில் நின்ற கோரைக்காரி

உட்காருங்கள், சொல்கிறேன். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாடு இருந்தது. எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ஆறு வற்றாமல் ஓடிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டை ஆண்டவர் பெயர் குன்றவேள். நல்ல அரசர்தான். ஆனால் நல்லவர்கள் எல்லோரும் யோசிக்கிறவர்கள் என்று சொல்ல முடியாது.

குன்றவேளின் கொள்ளுத் தாத்தா காலத்தில் அந்த நாட்டுக்கு ஒரு முனிவர் வந்தாராம். "பேச்சில் பொய்யை மறைத்துவிடலாம். பாட்டில் மறைக்க முடியாது. பொய்யைப் பாடுகிறவன் குரல் நடுங்கும்" என்று சொன்னாராம். ஒரு செம்பு மோர் குடித்தார், தாடியைத் துடைத்தார், போய்விட்டார். அவர் போய்விட்டார், அவர் சொன்னது நின்றுவிட்டது.

அன்று முதல் அந்த நாட்டில் வழக்கு என்றால் பாட வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. கூட்டமாகப் பாடினாலும் செல்லாது. கண்ணால் பார்த்த ஒருவர், தனியாக, எல்லோர் முன்னும் பாட வேண்டும்.

அதற்கென்று தலைநகரின் நடுவில் ஒரு கல் மேடை கட்டியிருந்தார்கள். குரல் மேடை என்று பேர். அதில் ஒருவர் ஏறிவிட்டால் அவராக இறங்கும் வரை வேறு ஒரு கால் மேடையில் படக்கூடாது. அரசர் காலானாலும் படக்கூடாது. மேடைக்குக் கீழே செவிக்காரர் என்று ஒரு பெரியவர் பித்தளைத் தாம்பாளமும் கட்டையுமாக உட்கார்ந்திருப்பார். பாடுகிறவர் குரல் நடுங்கினால் ஒரு தட்டு. மறுபடி நடுங்கினால் இன்னொரு தட்டு. மூன்றாம் தட்டு விழுந்தால் வழக்கு பொய் என்று தீர்ப்பு. ஒரே வழக்கை மூன்று பேர் வரை பாடலாம். அந்த மூன்று பேரும் தோற்றால் அதோடு சரி, பேரன் காலத்திலும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

இதில் என்ன கஷ்டம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஏழைக்கு அரசரைப் பார்த்தாலே நடுக்கம். பணக்காரனுக்கு அரசர் தெரிந்தவர்.

அந்த நாட்டில் கோரைக்குறிச்சி என்று ஓர் ஊர். ஆற்றங்கரையில் ஆள் உயரத்துக்குக் கோரை வளரும். அதை வெட்டி, கிழித்து, காயவைத்து, பாய் நெய்வது அந்த ஊர்ப் பிழைப்பு. கரை யாருக்கும் சொந்தமில்லை, ஊருக்கே சொந்தம். கரைக்கு மேலே மேட்டில் மணியக்காரர் நல்லபெருமாளின் தோட்டம். தோட்டத்துக்கும் கரைக்கும் நடுவே ஓர் எல்லைக்கல்.

ஒருநாள் விடியற்காலை மணியக்காரர் ஆளும் வண்டியுமாக வந்தார். மேட்டோரம் இருந்த கல்லைக் கடப்பாரை போட்டு நெம்பினார். ஆற்றோரம் கொண்டுபோய் நட்டார். மறுநாள் கரை முழுவதும் முள்வேலி. "என் பாட்டன் கரை" என்றார்.

கல்லைப் பெயர்த்ததைக் கோரைக்குள் நின்ற மூன்று பேர் பார்த்தார்கள். சங்கன் பார்த்தான். குருவக்காள் பார்த்தாள். வெயிலாட்சி பார்த்தாள்.

ஊரே சேர்ந்து வழக்குக்குப் பாட்டுக் கட்டியது. முதலில் சங்கன் போனான். காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவன். மேடையில் ஏறினான், அரசரைப் பார்த்தான், முதல் அடியிலேயே குரல் ஆடிவிட்டது. மூன்று தட்டும் அடுத்தடுத்து விழுந்தன. இரண்டாவது குருவக்காள் போனாள். அவள் இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் மாடு திரும்பிப் பார்க்கும். மேடையில் அவளுக்குக் குரலே வரவில்லை, கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. இரண்டாம் அடியைத் தாண்டவில்லை. இறங்கி வரும்போது, "தொண்டைக்குள்ள யாரோ கையை விட்டுப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள்.

இரண்டு முறையும் மணியக்காரர் பதில் பாடினார். நெய் வழிகிற குரல். வீட்டில் ஒரு பாட்டு வாத்தியார், படுக்கும் முன் மிளகு போட்ட பால். தாம்பாளம் அசையவே இல்லை.

மிச்சம் வெயிலாட்சி.

அவளைப் பற்றி என்ன சொல்ல? எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். மழை வந்தால் பாய் நனையும் என்று கவலை, வராவிட்டால் கோரை வாடும் என்று கவலை. கோரை வெட்டும்போது எல்லாப் பெண்களும் பாடுவார்கள். இவள் கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைப்பாள். பிறந்ததிலிருந்து தனியாக ஓர் அடி பாடியதில்லை.

"என்னால ஆகாது மைனி," என்றாள் வெயிலாட்சி. குருவக்காள் அவளுக்கு அண்ணன் பெண்டாட்டி.

"ஆகாதுன்னா பாயை வித்துச் சாப்பிட முடியாது, பாயைத்தான் சாப்பிடணும்," என்றாள் குருவக்காள். "பார்த்த கண்ணு ஆறு. நாலு கண்ணு தோத்துப்போச்சு. உன் ரெண்டுதான் பாக்கி."

மேடை நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. வெயிலாட்சி பாடிப் பழக ஆரம்பித்தாள்.

முதலில் வீட்டில் பழகினாள். கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, முதல் அடியை இழுத்தாள். இரண்டாம் அடி வருவதற்குள் தெருவில் ஓட்டமான ஓட்டம். மாடத்திக் கிழவி கூந்தலை அவிழ்த்துப் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே விழுந்தாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள். ஏன் என்று கேளுங்கள். அந்த ஊரில் எந்தப் பாட்டானாலும் கூடித்தான் பாடுவார்கள். ஒரு பெண் தனியாகப் பாடினால் அந்த வீட்டில் சாவு என்று பொருள்.

"ஐயோ, இருளப்பா! நேத்துகூட எனக்கு வெத்தலை கிள்ளிக் கொடுத்தியே ராசா!" என்று அழுதாள் மாடத்தி.

உள்ளேயிருந்து இருளப்பன், வெயிலாட்சியின் புருஷன், கூழ் ஒட்டிய கையோடு எட்டிப் பார்த்தான். "நேத்து கொடுத்தது கடன் வெத்தலை. அழுது முடிச்சிட்டுத் திருப்பிக் கொடு ஆத்தா," என்றான்.

வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் வெயிலாட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் குரல் தன் காதிலேயே இழவுப் பாட்டாகத்தான் கேட்டது.

அடுத்து மருந்து வந்தது. ஒருத்தி சுக்கு கொண்டுவந்தாள். ஒருத்தி திப்பிலியும் தேனும் கொண்டுவந்தாள். ஒருத்தி வெள்ளாட்டுப் பாலில் பனங்கற்கண்டு போட்டுக் கொண்டுவந்தாள். வெயிலாட்சி எல்லாவற்றையும் குடித்தாள். தொண்டை தெளிந்தது. பாடினால் மணி மாதிரி வந்தது. ஆனால் எதிரே யாராவது வந்து நின்றால் முழங்கால் ஆடியது, அது ஏறி வயிற்றுக்கு வந்தது, வயிற்றிலிருந்து குரலுக்கு வந்தது. முழங்காலுக்குத் திப்பிலி ஏது?

மூன்றாவதாக ஆற்றில் இறங்கினாள். வேலிக்கு இப்புறம், கழுத்தளவு தண்ணீரில் நின்று பாடினாள். முழங்கால் ஆடினாலும் தண்ணீர் தாங்கிக்கொண்டது. முழுப் பாட்டையும் முதல் தடவையாக நடுங்காமல் பாடி முடித்தாள். சந்தோஷத்தில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தாள். கரையில் மணியக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பாடுறே," என்றார் அவர். "அரண்மனை வாசல்ல ஆத்தை வெட்டச் சொல்லு. நீ அதுக்குள்ள நின்னு பாடலாம்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்பன் பாட்டன் ஆண்ட கரை, ஆற்றோரம் எங்கள் கரை" என்று பாடியபடி வேலியோரம் நடந்து போனார். என்ன குரல்! ஆற்றில் கொக்குகூடக் கழுத்தைத் திருப்பிக் கேட்டது. அவர் போன பிறகும் வெயிலாட்சி தண்ணீரிலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பு முன் உட்கார்ந்தாள். "நடுக்கம் நிக்காது," என்றாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மேடையில ஏறுனா நான் நடுங்கத்தான் செய்வேன்."

"அப்ப போகலையா?" என்றான் இருளப்பன்.

வெயிலாட்சி அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "அந்த ஆளு பொய்யை அப்படிப் பாடுறாரு. கொஞ்சம்கூட ஆடல," என்றாள். "பொய்யே ஆடாம நிக்கிறப்ப, என் உண்மை கொஞ்சம் ஆடுனா என்ன கெட்டுப்போச்சு? போறேன். ஆடுனா ஆடட்டும்."

மேடை நாள் வந்தது. கோரைக்குறிச்சியே வண்டி கட்டிப் போனது. வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று வெயிலாட்சி இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். இதைச் சொல்லும்போது எனக்கே உள்ளங்கை சில்லிடுகிறது.

நடுப்பகல். மேடை கொதித்தது. குடைக்குக் கீழே அரசர், அவருக்குப் பக்கத்தில் அமைச்சர், அந்தப் பக்கம் பட்டு உடுத்திய மணியக்காரர். சுற்றிலும் நாட்டுச் சனம். வெயிலாட்சி படியேறினாள். மேலே போனதும் திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தாள். படிக்குக் கீழே குருவக்காள் இடுப்பில் கைவைத்து நின்றாள். அந்த வழி சரிப்படாது என்று தெரிந்தது.

வாயைத் திறந்தாள்.

"விடிவெள்ளி முளைக்கையிலே கோரை வெட்டப் போனோம்..."

முழங்கால் ஆடியது. குரல் ஆடியது. டங்! முதல் தட்டு.

"மாட்டுவண்டி கரையேறக் கண்ணாரக் கண்டோம்..."

டங்! இரண்டாம் தட்டு. மணியக்காரர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். கோரைக்குறிச்சிக்காரர்கள் தலையைக் குனிந்தார்கள்.

வெயிலாட்சிக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் பாடினாள்.

"கடப்பாரை போட்டு நெம்பி எல்லைக்கல்லை எடுத்தார்..."

டங்! மூன்றாம் தட்டு.

"வழக்கு பொய்," என்றார் அமைச்சர். "இறங்கம்மா."

அவள் இறங்கவில்லை.

"மேட்டோரம் இருந்த கல்லை ஆத்தோரம் நட்டார்..."

டங்! டங்! செவிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். காவலர்கள் படிப்பக்கம் ஓடினார்கள். வெயிலாட்சி அவர்களைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்தக் கையும் நடுங்கியது.

"ஏறுங்க பார்ப்போம்!" என்றாள். "நானா இறங்குற வரைக்கும் இந்த மேடையில இன்னொரு கால் படக்கூடாதுன்னு சட்டம். நான் இறங்கல. பாட்டு முடியல."

காவலர்கள் தூக்கிய காலைக் கீழே வைத்தார்கள். அமைச்சர் அரசரைப் பார்த்தார். அரசர் மேடையைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

"தாத்தா," என்றாள் வெயிலாட்சி செவிக்காரரிடம். "நீங்க தட்டிக்கிட்டே இருங்க. உங்க கை வலிக்குதா, என் வாய் வலிக்குதான்னு பார்ப்போம்."

தாம்பாளம் ஒலித்தது. அவளும் பாடினாள். ஆட்டுக்குட்டி கத்துவது போல நடுங்குகிற குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தாம்பாளத்தைத் தாண்டி எல்லோர் காதிலும் விழுந்தது.

"கல்லைத்தான் எடுத்தாரய்யா, கரியை எடுக்க மறந்தார்.
பழையகுழி தோண்டிப் பாரும், முன்னோர் போட்ட கரியும்
உடைஞ்ச பானை ஓடும் அங்கே உறங்குதய்யா இன்னும்!"

அந்தக் காலத்தில் எல்லைக்கல் நடும்போது குழியில் அடுப்புக்கரியும் பானை ஓடும் போட்டு, அதன் மேல்தான் கல்லை நிறுத்துவார்கள். கல் போனாலும் கரி மக்காது. ஊர்க்காரர்கள் கட்டிய பாட்டில் இந்த அடி முதலிலிருந்தே இருந்தது. ஆனால் சங்கன் இந்த அடி வரை வரவில்லை, குருவக்காளும் இந்த அடி வரை வரவில்லை. தாம்பாளம் வரவிடவில்லை.

மணியக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "மகாராசா, மூணு தட்டு எப்பவோ விழுந்துபோச்சு," என்றார். "நடுங்குன குரல் பொய்க்குரல். அதுதான் சட்டம்."

அரசர் தாடியைத் தடவினார். "சட்டம் அதுதான்," என்றார் மெதுவாக. "குழியைத் தோண்ட எனக்கு வழி இல்லை அம்மா. நீ நடுங்கிவிட்டாய்."

"நடுங்கினேன்," என்றாள் வெயிலாட்சி. "இப்பவும் நடுங்குறேன். நான் பயந்தவ. பொய்க்காரி இல்ல. ரெண்டும் ஒண்ணா? மகாராசா, எனக்கு நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டாம். மணியக்காரர் ஒரே ஒரு பாட்டுப் பாடட்டும், கேட்டுட்டு நான் இறங்கிடுறேன்."

"என்ன பாட்டு?"

"இப்போ நடுச்சாமம், நிலா காயுதுன்னு பாடட்டும்."

கூட்டம் சிரித்தது. உச்சி வெயிலில் எல்லோர் தலையும் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அரசர் சிரிக்கவில்லை. "பாடும்," என்றார்.

மணியக்காரருக்கு வேர்த்தது. அவர் முட்டாள் இல்லை. நடுங்காமல் பாடினால் பொய்யை நடுங்காமல் பாட முடியும் என்று எல்லோரும் பார்த்துவிடுவார்கள். வேண்டுமென்றே நடுங்கிப் பாடினால்? நாட்டிலேயே நல்ல குரல் என்ற பேர் போகும். மணியக்காரரின் குரல் மேடைக்குக் கீழே உடைந்தது என்று நாளைக்குத் தெருவெல்லாம் பேசும். அவர் யோசித்தார். பாட்டு வாத்தியார் கூட்டத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மணியக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"நட்டநடுச் சாமமிது, நிலவு பொழியும் நேரம்.
நரி ஊளை கேட்குதய்யா, ஊரெல்லாம் உறக்கம்..."

எப்படிப் பாடினார் என்கிறீர்கள்! வழக்குப் பாடியதைவிட நன்றாகப் பாடினார். ஒரு சுருதி பிசகவில்லை. ஓர் எழுத்து ஆடவில்லை. ஒரு கைக்குழந்தை அம்மா தோளில் கண்ணை மூடிவிட்டது.

பாட்டு முடிந்தது.

அரசர் செவிக்காரரைப் பார்த்தார். "நீர் ஏன் தட்டவில்லை?"

"குரல் நடுங்கலையே மகாராசா," என்றார் செவிக்காரர். கட்டை தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"நிலா எங்கே இருக்கிறது?"

கிழவர் அண்ணாந்து பார்த்தார். வெயில் கண்ணைக் குத்தியது. கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அரசர் வெகுநேரம் அந்தத் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மேடையிலிருந்து அழுதுகொண்டு இறங்கியவர்களை அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் காலத்தில் இறங்கியவர்கள், அவர் அப்பா காலத்தில் இறங்கியவர்கள், தாத்தா காலத்தில் இறங்கியவர்கள். முகம் அப்படிக் கறுத்துப்போயிருந்தது.

"கோரைக்குறிச்சிக்குக் குதிரையை அனுப்புங்கள்," என்றார். "மண்வெட்டியும் போகட்டும்."

"மகாராசா, சட்டம்..." என்று இழுத்தார் அமைச்சர்.

"அந்த முனிவர் பொய் சொல்லவில்லை, சரியாகப் பார்க்கவில்லை," என்றார் அரசர். "நான் பார்க்கவே இல்லை. அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்."

பொழுது சாய்வதற்குள் குதிரை திரும்பியது. வேலிக்கு மேலே மேட்டோரத்தில் பழைய குழி இருந்தது. குழிக்குள் கரி இருந்தது. கரியோடு பானை ஓடு இருந்தது.

அந்த வாரமே கல் பழைய இடத்துக்குப் போனது. வேலி அடுப்புக்குப் போனது. நல்லபெருமாளின் மணியம் போனது. குரல் மட்டும் அவரிடமே இருந்தது, அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. குரல் மேடையில் தாம்பாளம் இனி இல்லை என்று அரசர் பறையறைவித்தார். யார் எப்படிப் பாடினாலும், பேசினாலும், அழுதாலும், கடைசிச் சொல் வரை கேட்க வேண்டும், கேட்ட பிறகு போய்ப் பார்க்க வேண்டும். புதுச் சட்டம் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் குதிரை வந்த பிறகுதான் வெயிலாட்சி மேடையிலிருந்து இறங்கினாள். பாட்டைக் கேட்டதும் இறங்குகிறேன் என்றவள்தான், ஆனால் கரி கிடைத்த சேதி வரும் வரை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. படியில் கால் வைத்ததும் குருவக்காள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, இன்னுமா ஆடுது உனக்கு?"

"ஆடுது மைனி," என்றாள் வெயிலாட்சி. பல் தந்தியடித்தது. "வாய்க்குள்ள ஒரு சொட்டு ஈரம் இல்ல. அந்தச் செவிக்காரத் தாத்தாகிட்ட தண்ணி இருக்கான்னு கேளு. இருந்தா அந்தத் தாம்பாளத்துலயே ஊத்திக் கொடுக்கச் சொல்லு."

நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்காமல், நடுங்கிக்கொண்டே கடைசி அடி வரை பாடி முடிப்பவரின் உண்மைதான் ஊருக்குக் கேட்கும்.